புத்தளத்துக் கண்டல் கன்றைக் கிண்ணியாவில் நடலாமா?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய இளைஞர் கழகம் உப்பாற்றுப் பக்கம், உவர்நீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை நடப்போகிறது. உதவி தருபவர்கள் மேற்குக் கரையிலுள்ள புத்தளத்து நாற்றுமேடையிலிருந்து கன்றுகளை லொறியில் கொண்டுவந்து இறக்குவதாகச் சொல்கிறார்கள். மீன்பிடிக்கும் வாப்பா, "கண்ணாக்காய் கடலால வாறதும் போறதும்தானே, எல்லாம் ஒரே மரம்தான், எங்கயிருந்து கொண்டுவந்தா என்ன" என்கிறார். பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியரோ, "அந்தக் கரையின் மரம் வேறு, இந்தக் கரையின் மரம் வேறு, கலக்கக்கூடாது" என்கிறார். யார் சொல்வது சரி என்று தம்பி கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கண்டல் காய் எவ்வளவு தூரம் போகும் என்பது ஒன்று. அப்படிப் போகும் காய்களால் தூரத்துக் கரைகளின் மரங்கள் உண்மையிலேயே உறவாகிவிடுகின்றனவா என்பது இன்னொன்று. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓர் ஊர்க் கன்று மற்ற ஊரில் தழைக்குமா என்பது மூன்றாவது. வாப்பா முதல் கேள்விக்கு விடை சொல்கிறார், ஆசிரியர் மூன்றாவதுக்குச் சொல்கிறார். நடுவில் கிடக்கும் இரண்டாவதுதான் நான் படித்ததும் பல வருடம் வேலை செய்ததும். தாவரங்களின் குடித்தொகைப் பிறப்புரிமையியல் என்பது அதன் பெயர். நான் ஆய்வுகூடத்து ஆள். சேற்றில் இறங்கிக் கன்று நட்டு வளர்த்த அனுபவம் உங்கள் வாப்பாவுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் என்னைவிடக் கூட இருக்கும். ஆகவே நடுகை பற்றி நான் சொல்வதை அவர்களிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாப்பாவின் பக்கம். கண்டலில் நீங்கள் நடப்போவது பெரும்பாலும் நீண்ட காய் உள்ள றைசோபோரா மியூக்கிரனேற்றாவாக இருக்கும். நாட்டில் நாற்றுமேடைகளில் அதுதான் அதிகம். அதன் காய் என்று நாம் சொல்வது உண்மையில் காய் அல்ல. விதை தாய்மரத்திலேயே முளைத்து, பழத்தைத் துளைத்துக்கொண்டு கீழே நீண்டு தொங்கும் கன்று அது. அரை மீற்றருக்கு மேலும் வளர்ந்த பிறகுதான் கழன்று விழுகிறது. வெண்கண்டல் என்ற மற்றக் கண்டல் இனத்தின் விதை அப்படி வெளியே நீளுவதில்லை. அதுவும் மரத்திலேயே முளைக்கத் தொடங்குகிறது, ஆனால் பழத்தோலுக்குள்ளேயே இருக்கிறது. நீரில் விழுந்து தோல் கழன்றதும் வேர்விடப் பார்க்கும். றைசோபோரா கன்று கிடையாகவும் பிறகு நிமிர்ந்தும் மாதக்கணக்கில் மிதந்து உயிரோடு இருக்கும். அத்திலாந்திக் கரையின் சிவப்புக் கண்டலில் நூறு நாளைத் தாண்டி மிதந்த பின்னும் வேர்விட்டதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. டெபோரா ரபினோவிற்ஸ் 1978 இல் பனாமாவில் செய்த ஆய்வு இதற்கெல்லாம் அடித்தளம். எந்த இனத்தின் விதை எத்தனை நாள் மிதக்கும், எத்தனை நாள் உயிரோடிருக்கும், வேர்விட எத்தனை நாள் அசையாமல் கிடக்க வேண்டும் என்று அவர் இனம் இனமாகப் பார்த்தார். 2019 இல் ரொம் வான் டெர் ஸ்ரொக்கன் குழுவினர் உலகம் முழுவதற்கும் கடல் நீரோட்டங்களைக் கணினியில் ஓடவிட்டுக் கண்டல் காய்களின் பாதைகளைக் கணித்தார்கள். சமுத்திரத்தைக் கடக்கும் பாதைகளும் அதில் இருக்கின்றன. ஆகவே காய் தூரம் போகும் என்பதில் சந்தேகமே இல்லை. வாப்பா கண்ணால் கண்டதைச் சொல்கிறார்.

ஆனால் போய்ச் சேருவது வேறு, மரமாவது வேறு. வாடைக் காலத்தில் நிலாவெளிக் கரையிலோ உப்புவெளிக் கரையிலோ நடந்து பாருங்கள். அலை ஒதுக்கிய குப்பையோடு கண்டல் காய்கள் கிடக்கும். அந்த வெள்ளை மணலில் ஒன்றாவது மரமாகி நிற்கிறதா? அலை அடிக்கும் திறந்த கரை கண்டலுக்கு இடமல்ல. காய் ஒரு குடாவின் வாயைக் கண்டுபிடித்து, உள்ளே நுழைந்து, சேறு உள்ள ஓரத்தில் ஒதுங்கி, அடுத்த பெருக்கு அடித்துக்கொண்டு போகாமல் சில நாள் கிடந்து, ஆடும் நண்டும் தின்னாமல் தப்பி, நிழல் இல்லாத இடத்தில் எழும்ப வேண்டும். ஏற்கெனவே மரம் அடர்ந்து நிற்கும் இடத்தில் புதிதாக வந்த ஒன்று எழும்புவது இன்னும் கடினம். விழுகிற காய்களில் மிகப் பெரும்பகுதி தாய்மரத்துக்குப் பக்கத்திலேயே சிக்குகிறது. நமது கரையில் கடல் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே உள்ளே விழுந்த காயை வெளியே இழுத்துச்செல்லும் விசையும் பெரிதாக இல்லை. கிழக்குக் கரையின் சிறு களப்புகள் பலவற்றின் முகத்துவாரத்தை வருடத்தின் கணிசமான பகுதி மணல் மூடிவிடுகிறது, மாரி வெள்ளம் வந்தால்தான் உடைக்கும். அப்படியான களப்பின் மரங்களுக்கு வெளியுலகத்தோடு கதவு சில வாரங்களுக்குத்தான் திறந்திருக்கும். கிண்ணியாவை அடுத்த கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் எப்போதும் திறந்தவை, அங்கே கதை வேறாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, எத்தனை காய் போய் மரமாயிற்று என்பதை யார் எண்ணுவது? மரத்தின் டி.என்.ஏ.யே எண்ணி வைத்திருக்கிறது. இதை விளக்க நமது கிழக்கிலேயே ஒரு வழக்கம் இருக்கிறது. மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழியாக வருகிறது. ஒருவருடைய குடியைக் கேட்டால் அவருடைய தாயின், தாயின் தாயின் வழி தெரியும், வாப்பாவின் வழி தெரியாது. தாவரத்தின் கலத்துக்குள் பச்சையவுருமணி என்ற உறுப்புக்குச் சொந்தமாக ஒரு டி.என்.ஏ. இருக்கிறது. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது, மகரந்தம் அதைக் கொண்டுவருவதில்லை. ஆகவே பச்சையவுருமணியைப் படித்தால் விதை நடந்த பாதை மட்டும் தெரியும். கலத்தின் கருவுக்குள் (நியூக்கிளியசுக்குள்) இருக்கும் டி.என்.ஏ. இரு பக்கத்தாலும் வருவது, அதைப் படித்தால் விதையும் மகரந்தமும் சேர்ந்து நடந்த பாதை தெரியும். கருவுக்குள் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் உள்ளன. எத்தனை முறை திரும்புகிறது என்பது மரத்துக்கு மரம் வேறுபடும். ஒரு களப்பில் முப்பது மரம், அடுத்த களப்பில் முப்பது மரம் என்று இலை எடுத்து அந்தத் துண்டுகளை ஒப்பிட்டால், இரண்டு களப்பும் தலைமுறை தலைமுறையாகப் பெண்ணெடுத்துப் பெண்கொடுத்தனவா, அல்லது தனித்தனியே இருந்தனவா என்று கணிக்கலாம். சொல்ல எளிது, செய்யக் கண்டல் விடாது. இலையில் தனினும் பிசினும் அவ்வளவு. நான் முதன்முதலில் செய்த ஒரு தொகுதி முழுவதும் தேயிலைச் சாயம் போலக் கறுத்த கூழாகி வீணாய்ப் போயிற்று. பறித்த இலையைச் சிலிக்கா மணிகளோடு பையில் போட்டு உடனே உலர்த்த வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றேன்.

இப்படிப் படித்தவர்கள் உலகில் கண்டதென்ன? கண்டல் மரங்கள் மிதக்கும் காய்களின் கணக்குக்கு ஏற்ப ஒன்றோடொன்று கலந்திருக்கவில்லை. 2000 இல் மக்குவயர் குழுவினர் வெண்கண்டலை அவுஸ்திரேலியாவிலும் பிற நாடுகளிலுமாக 14 இடங்களில் ஒப்பிட்டார்கள். செங்கடலிலிருந்து யப்பான்வரை, தெற்கே அவுஸ்திரேலியாவின் விக்ரோரியாவரை பரந்த இனம் அது, ஆனால் இடத்துக்கு இடம் வேறுபாடு மிகக் கூடுதலாக இருந்தது. பரம்பலின் விளிம்புகளில் நிற்கும் மரங்களில் உள்வேறுபாடு மிகக் குறைவு. உங்கள் கேள்விக்கு மிக நெருங்கியது 2014 இல் அலிசன் வீ குழுவினர் மலாய்க் குடாநாட்டின் இரு பக்கத்திலும் செய்த ஆய்வு. அவர்கள் எடுத்தது நீங்கள் நடப்போகும் அதே றைசோபோரா மியூக்கிரனேற்றா. குடாநாட்டு நிலம்தான் இரு கடல் மரங்களையும் பிரித்திருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். பிரிவுக்கோடு அங்கே இல்லை. ஒரே மேற்குக் கரையில், அந்தமான் கடலின் நீரும் மலாக்கா நீரிணையின் நீரும் சந்திக்கும் இடத்தில் இருந்தது. அதாவது பிரித்து வைத்தது நிலம் அல்ல, நீரோட்டம். ஒரே கரையில் அடுத்தடுத்து நிற்பதால் மட்டும் மரங்கள் உறவாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மறுபக்கத்துச் சாட்சியையும் மறைக்கக்கூடாது. நெற்றலும் டொட்டும் 2007 இல் அத்திலாந்திக்கின் கறுப்புக் கண்டலைப் பற்றி எழுதினார்கள். மேற்கு ஆபிரிக்க மரங்களுக்கும் அமெரிக்க மரங்களுக்கும் இடையில் சமுத்திரம் தாண்டிய உறவின் அடையாளம் அதில் தெரிந்தது. பசிபிக் பக்கத்தையும் அத்திலாந்திக் பக்கத்தையும் பிரிக்கும் மத்திய அமெரிக்க நிலப்பாலமோ, காய்க்கு மறுபக்கம் போக வழியே இல்லாமல் செய்துவிட்டது. ஆக, வாப்பா சொல்லும் பெரும் பயணம் நடக்கிறது. ஆனால் மிக அரிதாக நடக்கும் சம்பவம் அது. ஒரு புதிய கரையில் கண்டல் குடியேற அது போதும். இரண்டு பழைய காடுகளை ஒன்றாகக் கலக்க அது போதாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும், கடல் மட்டத்தின் கதை. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் பனிக்காலத்தின் உச்சியில் கடல் இப்போதிருப்பதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை காய்ந்த தரை. புத்தளம் களப்பு, தம்பலகாமக் குடா, உப்பாறு எதுவும் இன்றைய வடிவில் இல்லை. கண்டல் கடலோடு சேர்ந்து கீழே இறங்கி, கடலோடு சேர்ந்து மேலே ஏறும் மரம். திருகோணமலைக்கு இதில் ஒரு தனித்தன்மை உண்டு. துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழத்துக்கு இறங்குகிறது, கரையோரமும் ஒடுங்கியது. சரிவான கரையில் கடல் தாழ்ந்தால் ஆழமற்ற சேற்றுத்தரை மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். கண்டல் அங்கே ஒட்டிக்கொண்டு நின்றிருந்தால் மிகச் சிறிய கூட்டமாகத்தான் நின்றிருக்கும். பிறகு கடல் ஏறி, மகாவலி வண்டலைக் கொண்டுவந்து கொட்டியாரத்தில் கொட்டி, சேற்றுத்தரை உருவான பின்தான் இன்றைய காடு பரந்திருக்க வேண்டும். சில ஆயிரம் வருடம் என்பது மனிதனுக்கு நீண்ட காலம், கண்டலுக்குச் சில நூறு தலைமுறைக்கு மேல் இல்லை. சிறு கூட்டத்திலிருந்து பெருகிய காட்டில் உள்வேறுபாடு குறைவாக இருக்கும். 2018 இல் சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பல கண்டல் இனங்களை ஒன்றாக வைத்துப் பார்த்து, இந்த மரங்களில் பொதுவாகவே உள்வேறுபாடு வியக்கத்தக்க அளவு குறைவு என்றும் கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கமே காரணம் என்றும் எழுதினார்கள். திருகோணமலையைப் பற்றி நான் மேலே சொன்னது கடலடியின் வடிவத்திலிருந்து எடுத்த ஊகம், நிரூபித்த உண்மை அல்ல. அந்தப் பொதுப்போக்குக்கு அது பொருந்தி வருகிறது, அவ்வளவுதான்.

புத்தளத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் என்ன? வாடைக் காலத்தின் தொடக்கத்தில், ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை, வங்காள விரிகுடாவின் நீர் நமது கிழக்குக் கரையோடு ஒட்டித் தெற்கே ஓடுகிறது. கொட்டியாரத்திலிருந்து வெளியேறும் காய் வாகரை, மட்டக்களப்பு, பொத்துவில் பக்கம்தான் போகும். புத்தளம் மன்னார் வளைகுடாப் பக்கம் திறந்த களப்பு. இரண்டுக்கும் நேர்வழி பாக்கு நீரிணை, அதன் தெற்கு வாயிலை ஆதாம் பாலத்தின் மணற்திட்டுகள் அடைத்து நிற்கின்றன. மற்ற வழி தீவின் தெற்கைச் சுற்றி வருவது. நீரோட்டத்தை வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால், இரண்டு இடத்து மரங்களும் ஓரளவு பிரிந்து வளர்ந்த கூட்டங்கள் என்ற பக்கம்தான் கட்டுவேன். மட்டக்களப்புக் களப்பும் உங்கள் குடாவும் அதைவிட நெருங்கிய உறவாக இருக்கும். மலாய்க் குடாநாட்டில் கண்டதை இங்கே பொருத்திப் பார்க்கும் ஊகம் இது என்பதை மறுபடியும் சொல்லி வைக்கிறேன்.

இனி ஆசிரியரின் பக்கம். இரண்டு கூட்டங்கள் பிரிந்து வளர்ந்திருக்கின்றன என்பதாலேயே ஒன்றின் கன்று மற்ற இடத்துக்கு ஒத்துவராது என்று ஆகிவிடாது. நாங்கள் உறவு பார்க்கப் படிக்கும் அந்தத் திரும்பும் துண்டுகள் பெரும்பாலும் மரத்தின் வாழ்வுக்கு எந்த வேலையும் செய்யாதவை. அதனால்தான் அவற்றை எடுக்கிறோம், இயற்கைத் தேர்வு அவற்றைத் தொடுவதில்லை. அவை உறவைச் சொல்லும், உப்பைத் தாங்கும் திறனைச் சொல்லா. தாங்கும் திறனை அறிய ஒரே வழி இரண்டு ஊர்க் காய்களையும் ஒரே சேற்றில் பக்கத்தில் பக்கத்தில் நட்டுப் பல வருடம் பார்ப்பது. ஆயினும் ஆசிரியரின் கவலையை நான் தள்ளமாட்டேன். புத்தளக் களப்பின் உட்பகுதியில் வரட்சிக் காலத்தில் நீர் கடலைவிடவும் உப்பேறிவிடுகிறது. கொட்டியாரத்துக்கு மகாவலியின் நன்னீர் வருகிறது, மாரியில் நீரின் உப்புக் குறைந்துபோகும். இரண்டும் வேறுவேறு வாழ்க்கை. பல தலைமுறையாக ஒன்றில் தேறிய மரத்தின் பிள்ளை மற்றதில் கொஞ்சம் பின்தங்கலாம் என்பது நியாயமான பயம். பக்கத்திலேயே காய் தாராளமாக விழும்போது அந்தப் பயத்தை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. லொறியில் வரும் கன்றின் பையோடு அந்த ஊர்ச் சேறும் அதிலுள்ள பூச்சியும் பூஞ்சணமும் வரும் என்பது தனிக் காரணம்.

"கலக்கக்கூடாது" என்பதை மட்டும் நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். கண்டல்கள் தங்களுக்குள்ளேயே இனம் தாண்டிக் கலந்திருக்கின்றன. பிச்சாவரத்தில் கண்டெடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்த றைசோபோரா அண்ணாமலயானா, நீண்ட காய்க் கண்டலும் குட்டைக் காய்க் கண்டலும் கலந்து பிறந்தது. இலங்கையிலும் அது நிற்கிறது. பெரும்பாலும் முதல் தலைமுறையோடு மலடாக நின்றுவிடுகிறது. ஒரே இனத்தின் இரு ஊர் மரங்கள் கலப்பதில் அப்படியான ஆபத்து இல்லை. இருப்பது, ஒருமுறை கலந்தால் பிரிக்க முடியாது என்ற எச்சரிக்கைதான்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. எந்த ஊர்க் காய் என்பதைவிட, எத்தனை தாயின் காய் என்பது பெரிய கேள்வி. றைசோபோராவின் பூ பெரும்பாலும் காற்றால் மகரந்தம் பெறுகிறது, அந்த மகரந்தம் தூரம் போவதில்லை, ஒரு மரம் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதும் நடக்கிறது. இதை ஆய்வுகூடமே இல்லாமல் கண்டுபிடித்தவர் தாவரவியலாளர் எட்வேர்ட் கிளெகோவ்ஸ்கி. கன்று தாய்மரத்திலேயே தொங்குவதால் கன்றின் நிறத்தை மரத்தில் வைத்தே பார்க்கலாம். சில மரங்களில் பச்சைக் காய்களுக்கு நடுவே மஞ்சளாகவோ சிவப்பாகவோ காய்கள் தொங்கும். பச்சையம் உண்டாக்கும் பரம்பரையலகு ஒன்றில் விகாரம் ஏற்பட்டவை அவை. தாய் உணவூட்டுவதால் மரத்தில் இருக்கும்வரை வளர்கின்றன, விழுந்தபின் பிழைக்கமாட்டா. அந்த விகாரம் பின்னிடைவானது. அதன் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் மரம் பச்சையாகவே நிற்கும். அது தன்னோடு தானே சேர்ந்தால் நான்கில் ஒரு காய் வெளிறும். விகாரம் இல்லாத அயல் மரத்தோடு சேர்ந்தால் ஒன்றும் வெளிறாது. உதாரணத்துக்கு அப்படியான மரத்தில் 200 காய் எண்ணினால் 50 வெளிறியிருந்தால் எல்லாமே தன்மகரந்தச் சேர்க்கை. 25 வெளிறியிருந்தால் பாதி. 1990களின் முற்பகுதியில் கிளெகோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் இப்படி எண்ணி, புளோரிடாவிலும் பஹாமாசிலும் சிவப்புக் கண்டல் பெரும்பாலும் தன்னோடு தானே சேர்கிறது என்றும், புவேர்ட்டோ ரிக்கோவில் அயற்கலப்பு கூட என்றும் காட்டினார்கள். அது நமது கண்டலின் அத்திலாந்திக் உறவு, எண்ணிக்கையை அப்படியே இங்கே தூக்கிவைக்க முடியாது. ஆனால் நீங்கள் தோணியில் போய்ப் பார்க்கலாம். வெளிறிய காய் உள்ள ஒரு மரத்தைக் கண்டால் பச்சை எத்தனை, வெளிறியது எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். கொட்டியாரத்துக் கண்டலைப் பற்றிய பெறுமதியான செய்தி அது, அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இதிலிருந்து நடுகைக்கு என்ன வருகிறது? காய் பொறுக்கப் போகிறவர்கள் படகு ஒதுங்கும் இடத்தில், காய் நிறைந்த இரண்டு மூன்று மரத்தடியிலேயே சாக்கை நிரப்பிவிடுவார்கள். மனித இயல்பு அது. அப்படி நிரப்பிய ஆயிரம் காயும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவற்றால் எழும் காடு பார்வைக்குப் பசுமையாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு நோயோ நீண்ட வரட்சியோ வந்தால் எல்லாம் ஒரே மாதிரி விழும், அவை தமக்குள் சேர்ந்து காய்க்கும்போது வெளிறிய காய் போன்ற மறைந்த குறைகளும் வெளியே வரும். மரநாற்று எடுப்பவர்களிடம் உள்ள பழைய நடைமுறை இதற்குப் போதும்: குறைந்தது முப்பது தாய்மரம், ஒன்றுக்கொன்று சில பத்து மீற்றராவது தள்ளி, ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கைக் காய். குடாவின் வெவ்வேறு ஓரங்களில் எடுங்கள். சீனன்குடாப் பக்கம் கொஞ்சம், கிண்ணியாப் பக்கம் கொஞ்சம், மூதூர்ப் பக்கம் கொஞ்சம். ஒரே நாளில் எடுக்காமல் பருவத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலுமாக எடுத்தால் இன்னும் நல்லது, முந்திக் காய்ப்பவையும் பிந்திக் காய்ப்பவையும் சேரும். தானாகக் கழன்ற அல்லது தொட்டதும் கழலும் முற்றிய காய் மட்டும். இளங்காயைத் திருகிப் பறிக்க வேண்டாம். இது ஒன்றைச் செய்தால், புத்தளமா கிண்ணியாவா என்ற வாதத்தைவிட உங்கள் காட்டுக்குப் பெரிய நன்மை செய்தவர்களாவீர்கள்.

பிறப்புரிமையியலுக்கு வெளியே ஒரு பந்தி எழுத அனுமதியுங்கள், அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாகாது. சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டில் நட்ட கண்டல்களுக்கு என்ன நடந்தது என்று கொடிகார குழுவினர் 23 இடங்களில் போய்ப் பார்த்து 2017 இல் எழுதினார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்தது மூன்றே இடத்தில். அந்தக் கன்றுகளைக் கொன்றது ஊர் மாறியது அல்ல, நட்ட இடம் பிழையானது. எப்போதும் நீர் நிற்கும் தாழ்ந்த சேற்றிலும், கண்டல் ஒருபோதும் நின்றிராத கரையிலும், கிடைத்த ஒரே இனத்தை நட்டார்கள். புளோரிடாவில் கண்டல் மீளமைப்பில் ஈடுபட்ட றொபின் லூயிஸ் பல வருடம் திரும்பத் திரும்பச் சொன்னது, கண்டல் நிற்கும் தரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீரில் மூழ்கியிருக்கும் தரை என்பது. நீர் வந்து போகும் வழி சரியாக இருந்தால் காய் தானே வந்து முளைக்கும். உங்கள் இடத்தில் பழைய இறால் பண்ணை வரம்போ, வீதி போட்ட மண்ணணையோ நீரைத் தடுத்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தடுத்தால் அதைத் திறக்க அனுமதி வாங்குவதுதான் முதல் வேலை. திறந்த பின் ஒரு மாரி பொறுத்திருந்து பாருங்கள். தானாக முளைத்த கன்றுகள் நூறு தாயின் பிள்ளைகளாக இருக்கும், நீங்கள் முப்பது மரம் தேடி அலையத் தேவையில்லை. எங்கே எந்த இனம் முன்பு நின்றது, தில்லை எங்கே, வெண்கண்டல் எங்கே என்று வாப்பாவின் வயதுக்காரர்களிடம் கேளுங்கள். இந்த விடயத்தில் அவர்கள் சொல்வதை என் படிப்பைவிட நான் நம்புவேன்.

ஆகவே தம்பி, லொறியை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வாப்பா பிழை என்பதால் அல்ல, குடாவுக்குள்ளேயே காய் இருக்கும்போது தேவையில்லை என்பதால். உதவி தருபவர்கள் ஏற்கெனவே கன்றுகளுக்குக் காசு கட்டிவிட்டார்கள் என்றால், அவற்றை ஒரு மூலையில் தனியாக நட்டு, கம்பு நட்டு எல்லை போட்டு, பக்கத்திலேயே அதே எண்ணிக்கையில் உங்கள் ஊர்க் காயையும் நட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் உயிரோடிருப்பதும் எழுதி வையுங்கள். ஆசிரியரின் கேள்விக்கு இந்த நாட்டில் யாராவது விடை சொல்வதென்றால் இப்படித்தான் சொல்ல முடியும், அவருடைய மாணவர்களே எண்ணலாம். புத்தளத்து மரங்கள் பூக்கத் தொடங்கும் முன் ஒரு முடிவு எடுத்து, தேவையென்றால் வெட்டிவிடலாம். காய் எடுத்த ஒவ்வொரு தாய்மரத்துக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள், கைப்பேசியில் இடத்தைக் குறியுங்கள், நாற்றுமேடைப் பையிலும் அந்த இலக்கத்தை அழியாத மையால் எழுதுங்கள். பத்து வருடம் கழித்து ஒருவர் இலை பறித்து டி.என்.ஏ. பார்க்க வந்தால் முதலில் கேட்கப்போவது அந்தக் கொப்பியைத்தான். இலை பறிக்கும்போது இளம் இலை, சிலிக்கா மணி நிறைய, அன்றைக்கே பைக்குள்.